தண்டால் எடுத்த பூச்சிகள்

ஐயா,

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப்போவதில்லை. கேட்டால் "ஃபைன்ப்பா" என்பாய். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷத்திலிருந்து நீ எனக்குச் சொல்லிவரும் பதில் அது ஒன்றுதான். நானும் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனவன்தான். அதனால் அந்தக் கேள்வி வேண்டாம். அடுத்த மாதம் நீ மலையைவிட்டு இறங்கி, ஹைதராபாத் வந்து, இங்கே மாதாப்பூரில் அந்தக் கம்பெனி வேலையில் சேரப்போகிறாய். வரச்சொன்னது நான், சரி என்றது நீ. அதைப் பற்றிப் பேசத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தமிழில் எழுதுகிறேனே என்று திட்டாதே. தெலுங்கும் இந்தியும் படித்து வளர்ந்த பிள்ளை நீ. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதட்டி அதட்டிச் சொல்லிக்கொடுத்த தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். ஆனால் இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் என் கை தானாகவே ஆபீஸ் ரிப்போர்ட் எழுத ஆரம்பித்துவிடுகிறது. நேற்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அப்சர்வேஷன், ரிமார்க்ஸ் என்று தலைப்பெல்லாம் போட்டிருந்தேன். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பெத்த பிள்ளைக்கு எழுதுதியளா, ஸ்டோர்ஸுக்கு எழுதுதியளா?" என்றாள். கிழித்துப் போட்டேன். நீ மெதுவாகவே படி. அம்மாவும் நானும் எங்கும் ஓடிப்போகவில்லை.

உன் பூச்சிகளிலிருந்து தொடங்குகிறேன். இந்த ஊரில் நீ ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஒரு மே மாதம், உன் ஆய்வகத்தில் குளிர்பெட்டி பழுதாகிவிட்டது. இமயமலை ஓடைகளில் முழங்கால் தண்ணீரில் நின்று பிடித்து, ஐஸ் டப்பாவில் வைத்து விமானத்தில் கொண்டுவந்த பூச்சிகள். பாதியை வேறொரு ஆய்வகத்தில் உன் நண்பன் வாங்கிக்கொண்டான். மீதிக்கு இடமில்லை. நீ மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தாய். அம்மா குறுக்கே வந்து நின்றாள். "தோசை மாவுக்குப் பக்கத்துல பூச்சியா? நக்கோ" என்றாள். வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சு அது. நெல்லைக்காரி கோபம் வந்தால் மட்டும் ஹைதராபாத்காரி ஆகிவிடுவாள். அப்போது நான்தான் எழுந்து, "விடு, நான் செஞ்சு தாரேன்" என்றேன். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது சொன்னாலும் நீ நம்பமாட்டாய். நீ என்னிடம் உதவி கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அன்றும் நீ கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஜீடிமெட்லாவில் மருந்து ஃபாக்டரிகள் கழித்துப் போட்ட சாமான்களை வாங்கி விற்கும் கடையில் ஒரு கம்ப்ரெஸர் பிடித்தேன். கடைகளில் கூல்டிரிங்க் வைக்கும் பழைய கண்ணாடிப் பெட்டி ஒன்றும் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து, தண்ணீரை எட்டு டிகிரியில் நிறுத்தும்படி கன்ட்ரோலர் வைத்து, காற்றுக் குமிழி விடும் பம்ப் போட்டு, பின்பக்க வராந்தாவில் நிறுத்தினேன். நீ கூழாங்கற்களை அடுக்கிப் பூச்சிகளை விட்டாய். தட்டையான உடம்பு, ஆறு கால், பின்னால் இரண்டு வால், நகத்தளவுதான் ஒவ்வொன்றும். கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் தண்ணீரிலேயே வளரும், பிறகு ஒரு நாள் கல்மேல் ஏறி, தோலை உரித்து, சிறகோடு பறந்துபோகும் என்று நீ சொன்னாய். பனி உருகிய தண்ணீரிலேயே பிறந்து வளரும் இவை, தண்ணீர் சூடானால் என்ன செய்யும், எவ்வளவு தாங்கும், எப்படித் தாங்கும் என்பதுதான் உன் படிப்பு. இதைக் கேட்டதும் நான் துள்ளிவிட்டேன். "ஏலே, இதத்தானலே நான் முப்பது வருஷமாப் பாத்தேன்" என்றேன்.

உண்மைதானே. சர்க்காரின் பாதுகாப்புத் துறைக் கம்பெனியில் என் செக்ஷனுக்கு இருந்த வேலையே அதுதான். எலெக்ட்ரானிக் பெட்டியைச் சேம்பருக்குள் வைத்துப் பூட்டுவோம். பனிமலைக் குளிருக்கு இறக்குவோம், பாலைவனச் சூட்டுக்கு ஏற்றுவோம், திரும்ப இறக்குவோம். வெளியே எடுத்து ஸ்விட்ச் போட்டால் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் பாஸ். எவ்வளவு வேகத்தில் சூட்டை ஏற்ற வேண்டும், ஏற்றியபின் எவ்வளவு நேரம் அப்படியே ஊறவிட வேண்டும் என்று நீயும் நானும் அந்த வராந்தாவில் நின்று பேசிய பேச்சு இருக்கிறதே, அப்பனும் மகனும் அதற்கு முன்னால் அப்படிப் பேசியதில்லை. நீ தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து சொன்னாய், நான் தமிழில் மல்லுக்கட்டினேன், இருவருக்கும் எல்லாம் புரிந்தது. அந்த ஒரு வாரத்துக்காகவே அந்த ஓட்டை கம்ப்ரெஸரை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை.

பிறகு நீ இன்னொரு தடவை பூச்சி சேகரிக்க மலைக்குப் போனாய். போகும்போது, "எட்டு டிகிரிப்பா. அதுல மட்டும் வெச்சிருங்க. இதுங்களுக்கு சூடே படக்கூடாது. இதுங்க நார்மலா வளர்ந்தாத்தான் மத்ததைக் கம்பேர் பண்ண முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் யார், சேம்பரைக் கட்டி மேய்த்தவன். "போயிட்டு வால, எனக்குச் சொல்லித் தாரியா?" என்றேன்.

நீ போன மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மத்தியானம், தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மே மாத வெயில். குளிர்பெட்டி நின்றது, காற்றுப் பம்ப் நின்றது. இன்வர்ட்டரில் ஃபேன் மட்டும் ஓடியது. நான் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு பெட்டிமுன் உட்கார்ந்தேன். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக்கொண்டிருந்தது. அம்மா கீழ்வீட்டு ரெட்டி காரு வீட்டிலிருந்து ஒரு வாளி நிறைய ஐஸ் வாங்கிவந்து, "போடட்டுமா?" என்றாள். நான் கையை மறித்தேன். "திடீர்னு குளுந்தா ஷாக் ஆயிரும். மெதுவா ஏறட்டும், கரண்ட் வந்ததும் மெதுவா இறங்கட்டும். அதுதான் முறை" என்றேன். "குளுருக்குன்னே பொறந்ததுக்குக் குளுரு ஷாக்காங்க?" என்று கேட்டாள். "உனக்கு என்ன தெரியும் இதுல" என்று வாயை அடைத்தேன். வாளி ஐஸ் அவள் கண்முன்னாலேயே உருகித் துளசிச் செடிக்குப் போனது. அந்தப் பம்பையாவது இன்வர்ட்டரில் மாட்டியிருக்கலாம். ஒரு ஒயர் வேலை. தோன்றவே இல்லை. என் கண்ணுக்கு டிகிரி மட்டும்தான் தெரிந்தது.

சாயங்காலம் ஆகும்போது தண்ணீர் நம் குடிதண்ணீர்ப் பானைச் சூட்டுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் பார்த்தேன். கல்லுக்கு அடியில் ஒளிந்தே கிடக்கும் பூச்சிகள் எல்லாம் வெளியே வந்து, கல்லைக் காலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பை மட்டும் மேலே கீழே, மேலே கீழே என்று ஆட்டிக்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இங்க வந்து பாரு, எல்லாம் வரிசையா நின்னு தண்டால் எடுக்குது. மலைல சும்மா தூங்கிக்கிட்டுக் கெடந்ததுக்கு இப்பதான் உசுரே வந்திருக்கு" என்று அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. "பாவமா இருக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கரண்ட் வந்தது. நான் வகுத்தபடியே தண்ணீர் மெதுவாகக் குளிர்ந்தது. காலையில் ஒவ்வொரு கல்லாகப் பார்த்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை. உனக்குச் செய்தி அனுப்பினேன்: கரண்ட் போனது, வந்தது, எல்லாம் பாஸ். கட்டைவிரல் படம் வேறு போட்டேன்.

நீ வந்ததும் இதையெல்லாம் நான் பெருமையாகத்தான் சொன்னேன். தண்டால் கதையை நடித்தே காட்டினேன், வராந்தாவில் குப்புறப் படுத்து. நீ சிரிப்பாய் என்று நிமிர்ந்து பார்த்தால் உன் முகம் வேறு மாதிரி இருந்தது. "அது எக்சர்சைஸ் இல்லப்பா" என்றாய். "தண்ணி சூடானா ஆக்சிஜன் கம்மி ஆயிடும். பம்பும் இல்ல. அதுங்களுக்கு மூச்சு முட்டிருக்கு. உடம்பை ஆட்டினாத்தான் கொஞ்சம் புதுத் தண்ணி செவுள்மேல படும். அதால முடிஞ்சது அவ்ளோதான்." நான் எழுந்து லுங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டேன். "சாகலையேலே" என்றேன். நீ என்னைத் திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "செத்தாத்தான் ஃபெயில்னு இல்லப்பா" என்றாய். திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டி அன்றோடு மறந்திருப்பேன்.

அப்போது நீ சொன்னதை நான் பாதிதான் வாங்கிக்கொண்டேன். பிறகு யோசித்து யோசித்து மீதியையும் புரிந்துகொண்டேன், சரியா என்று பார். உடம்புக்குள் இருக்கும் புரதங்கள் சூட்டில் நெளிந்து முறுக்கிக்கொள்ளும். அவற்றை நிமிர்த்திச் சரிசெய்ய வேறு சில புரதங்கள் உண்டு. மற்ற உயிர்கள் சூடு பட்டபிறகு அவற்றை அவசரமாகத் தயாரிக்கும். இந்தக் குளிர்ப் பூச்சிகளில் சில, எப்போதுமே அவற்றை நிறையத் தயாராக வைத்திருக்கின்றன. அதனால்தான் யாரும் நினைத்ததைவிட அதிகமாகச் சூட்டைத் தாங்குகின்றன. ஆனால் அதற்குக் கூலி உண்டு. வளர்வதற்கும் சிறகு முளைப்பதற்கும் வைத்திருக்கும் தெம்பைத்தான் இந்தத் தாங்குதலுக்குச் செலவழிக்க வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கும், தின்னும், நகரும், கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். என்ன போயிற்று என்பது பறக்கவேண்டிய நாளில்தான் தெரியும்.

அந்த நாள் வந்தது. உன் நண்பனிடம் இருந்தவை ஒவ்வொன்றாகக் கல்லேறித் தோலுரித்துப் பறந்தன. நம் வராந்தாவில் பெரும்பாலானவை ஏறவே இல்லை. ஏறிய இரண்டு மூன்றும் பாதித் தோலோடு மாட்டிக்கொண்டு அப்படியே காய்ந்துபோயின. நீ ஒரு பெயின்ட் பிரஷால் அவற்றை மெல்ல எடுத்துக் குப்பியில் போட்டதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உன் படிப்பு ஒரு வருஷம் பின்னால் போனது. மறுபடி மலை, மறுபடி ஓடை. இன்றுவரை நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் கரண்ட் போயிடுச்சு என்றுதான் சொன்னாய்.

இப்போது என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லட்டுமா? ரகசியம் ஒன்றுமில்லை, என் செக்ஷனில் ஹெல்ப்பருக்குக்கூடத் தெரியும். ஒவ்வொரு மாடலிலும் ஒரே ஒரு பெட்டியைத்தான் முழுக் கடுமையான சோதனைக்குப் போடுவோம். அது எவ்வளவு ஜோராகப் பாஸ் ஆனாலும், அதை ஒருபோதும் வேலைக்கு அனுப்பமாட்டோம். சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிடுவோம். ஏனென்றால் உள்ளே பற்றவைத்த இடங்களில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும், விளக்கு பச்சையாகவே எரியும், ஆனால் அதை நம்பி எதையும் ஒப்படைக்க முடியாது. வேலைக்குப் போகும் பெட்டிகளுக்கு லேசான சோதனைதான். அவற்றை வாட்டவே கூடாது. ஒரு தகரப் பெட்டிக்கு இவ்வளவு பக்குவம் பார்த்தவன், பெற்ற பிள்ளைக்குப் பார்க்கவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள், இங்கே வாத்தியாரே மக்கு.

பத்தாவது முடித்ததும் உன்னை இன்டர்மீடியட்டுக்கு, நம் ஊர்ப் பிளஸ் டூவுக்கு, அந்த ஹாஸ்டல் காலேஜில் சேர்த்தேனே, அதைத்தான் சொல்கிறேன். இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான், என் ஆபீஸில் எல்லோர் பிள்ளையும் அப்படித்தான் படித்தது, கோழி கூவுவதற்கு முன் எழுப்பி ராத்திரி வரை உட்கார்த்தி வைத்தால்தான் ரேங்க் வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நானும் தாமிரபரணிப் பக்கத்திலிருந்து வேலை தேடி இந்த வெயிலுக்கு வந்து வேர் பிடித்தவன்தானே, என் பிள்ளை எங்கே நட்டாலும் முளைப்பான் என்று நினைத்தேன். அதற்கு முன் நீ எப்படி இருந்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. அதிகம் பேசமாட்டாய். சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து எதையாவது குச்சியால் புரட்டிக்கொண்டிருப்பாய். திடீரென்று, எதற்கென்றே தெரியாமல், உனக்குள்ளேயே சிரிப்பாய். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று அம்மாவும் நானும் பந்தயம் கட்டுவோம்.

ஹாஸ்டலுக்கு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவோம். நீ ஓடிவந்து வாய் ஓயாமல் பேசுவாய். வார்டன் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவாய், லெக்சரர் தும்முகிற மாதிரி தும்மிக் காட்டுவாய். அம்மா கட்டிவந்த புளிசாதத்தை டப்பாவோடு வழித்துத் தின்பாய். பக்கத்துப் பிள்ளைகள் அழும், நீ அழமாட்டாய். திரும்பும்போது பஸ்ஸில் நான், "பாத்தியா, பய எப்படித் தெளிஞ்சுட்டான்" என்பேன். அம்மா ஒரு தடவை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அவன் இவ்வளவு பேசுதவன் இல்லையேங்க" என்றாள். "உனக்கு அவன் பேசாம இருந்தாலும் குத்தம், பேசினாலும் குத்தம்" என்று எரிந்து விழுந்தேன். ரேங்க் வந்தது. ஆபீஸில் இனிப்புக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த பிள்ளை ஃபைன் என்று சொல்லக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். உனக்குள்ளேயே நீ சிரிக்கும் அந்தச் சிரிப்பு அதற்குப் பிறகு இந்த வீட்டில் கேட்கவில்லை. நான் அதைத் தேடவும் இல்லை ஐயா. அதுதான் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது.

பிறகு நீ மலைக்கு வேலைக்குப் போனாய். சின்ன ஆய்வு நிலையம், சின்னச் சம்பளம், வருஷா வருஷம் புதுப்பிக்கும் வேலை. எனக்கு இஷ்டமில்லை, உனக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் உன்னோடு வேலை செய்யும் பெண் ஒரு வீடியோ அனுப்பினாள். நீ ஓடையில் தொடையளவு தண்ணீரில் நிற்கிறாய். ஒரு கல்லைத் தூக்கித் திருப்பிப் பார்க்கிறாய். பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், சிரிக்கிறாய். அம்மா அதை எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கில்லை. நான் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் உன்னை வரச்சொன்னேன். பாத்ரூமில் விழுந்ததில் வந்த வினை அது. இடுப்பில் பிளேட் வைத்து பேகம்பேட் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பயம் பிடித்துக்கொண்டது. சாவு பயம் இல்லை. அம்மா ஒருத்தியாக என்னைத் தூக்கமுடியாமல் ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதாளே, அது கண்ணைவிட்டுப் போகவில்லை. நீ வந்தாய், கட்டில் பக்கத்தில் தூங்கினாய், எனக்கு முதுகு தேய்த்துவிட்டாய். டிஸ்சார்ஜுக்கு முதல் நாள் உன்னிடம் சொன்னேன்: "மாதாப்பூர்ல உன்கூடப் படிச்ச பய அந்த டேட்டா வேலைக்குக் கூப்பிடுதான்லா. நீயும் கணக்குப் போடுதவன்தான. வந்துருல. எத்தனை நாளைக்குத்தான் பூச்சி பிடிப்ப." நீ என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாய். பிறகு, "சரிப்பா. வந்துடறேன். மேனேஜ் பண்ணிக்கலாம்" என்றாய்.

அந்த நிமிஷத்திலிருந்து நீ பேசத் தொடங்கினாய். நர்ஸம்மாக்களைச் சிரிக்கவைத்தாய். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைத் தேடுகிற மாதிரி நடித்துக் காட்டினாய். பக்கத்துக் கட்டில் பாய், "ஆப்கா லட்கா பஹுத் ஜாலி ஹை" என்றார், உங்கள் பையன் ரொம்ப ஜாலி என்று. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நீ ஊருக்கு வண்டி ஏறிய அன்று, சோபாவில் சாய்ந்து, "பாத்தியா, வாரேன்னு சொன்னதும் பயலுக்கு என்ன கலகலப்பு" என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என் காலுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தாள். "இப்படித்தான் ஹாஸ்டல்லயும் பேசினான்" என்றாள். குக்கர் சத்தம் கேட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வராந்தாவில் குப்புறப் படுத்து உனக்குத் தண்டால் எடுத்துக் காட்டியது ஞாபகம் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது ஐயா. மூச்சு முட்டுவதை விளையாட்டு என்று பார்த்துச் சிரிக்கிற ஆள் நான். பூச்சியிடம் ஒரு தடவை சிரித்தேன், உன்னிடம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை சிரித்திருப்பேன்.

உன்னைப் பூச்சி என்று சொல்லவில்லை. மனுஷன் எங்கேயும் பிழைத்துக்கொள்வான். நீ மாதாப்பூர் வந்தாலும் பிழைப்பாய். வேலையில் நல்ல பேர் எடுப்பாய், வீட்டுக்கு ஏசி போடுவாய், எனக்கு மாத்திரை எடுத்துத் தருவாய், கேட்டால் ஃபைன் என்பாய். நீ தாங்குவாய் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதுதான் என் பயமே. தாங்குகிற பிள்ளை என்று தெரிந்ததாலேயே எல்லாப் பாரத்தையும் உன்மேல் இறக்கி வைத்தேன். அழுகிற பிள்ளையாக இருந்திருந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்குத் தூக்கி வந்திருப்பேன். நாளைக்கு உனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்வார்கள், உனக்கென்று ஒரு குடும்பமும் வரும். அழுகிறவர்களை ஊரே கவனிக்கும். வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்துப் பேசுகிறவன் எவனாவது இருந்தால், நீ போய் அவன் பக்கத்தில் உட்கார். எதுவும் கேட்காதே, சும்மா உட்கார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறவன் சொல்கிற புத்திமதி இது, ஆனாலும் எடுத்துக்கொள்.

ஆகவே, மாதாப்பூர்க்காரர்களுக்கு இன்றைக்கே எழுதிவிடு, வரவில்லை என்று. மலையில் வேலையைப் புதுப்பிக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடு. எங்களைப் பற்றி யோசிப்பாய், சொல்லிவிடுகிறேன். பாத்ரூமில் இரண்டு பக்கமும் பிடித்து நடக்கக் கம்பி அடித்தாயிற்று, தரைக்குச் சொரசொரப்புக் கல் போட்டாயிற்று. வீட்டுச் சாவி ஒன்று ரெட்டி காரு வீட்டில் இருக்கிறது. அவர் மருமகள் காலையில் எட்டிப் பார்த்து, "அங்கிள், பாகுன்னாரா?" என்று நலம் விசாரிக்காமல் ஆபீஸ் போவதில்லை. பகல் முழுக்க ஒரு பெண் வந்து இருக்கிறாள், அம்மாவுக்கும் அவளுக்கும் ரசத்தில் யார் உப்புப் போடுவது என்று தினம் சண்டை. இதெல்லாம் உனக்கு ஈடு என்று சொல்ல மாட்டேன். நீ பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும். சாயங்காலமானால் வாசல் கேட் பக்கம் பார்க்கத்தான் செய்கிறேன். பயமும் போய்விடவில்லை. ஆனால் அது என் பயம், நான் வைத்துக்கொள்கிறேன். அதற்கு நீ கூலி கொடுக்க வேண்டாம்.

இதுவரை எழுதியதை இப்போதுதான் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஹாஸ்டல் வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உனக்கென்று மாடி அறையில் பெயின்ட் அடிக்கச் சொல்லி ஆள் பார்த்து வைத்திருந்தவள் அவள், உனக்கு அது தெரியாது. "அனுப்பட்டுமா?" என்று கேட்டேன். "அவன் வரமாட்டான்னா எனக்குச் சங்கடந்தான்" என்றாள். "வந்து, நம்ம முன்னால நாள் பூரா நடிச்சுக்கிட்டுத் திரிஞ்சாம்னா என்னால பாக்க முடியாது. அனுப்பிருங்க." பெயின்ட்காரருக்கு அவளே போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வராதே, ஐயா.

அப்பா